றங்குப் பெட்டியும் கண்ணாடிப் பேழையும்

ஒரு பொருளைச் சேர்த்து வைத்தலும் அதனைப் பிறர் காண வைத்தலும் ஒன்றுக்கொன்று முரணான இரு செயல்களாகும். சேர்ப்பவர் ஒளிக்க விரும்புவார். காட்டுபவரோ திறந்தேயாக வேண்டும். ஓவியங்களையும் சிலைகளையும் பொறுத்தவரை அருங்காட்சியகங்கள் இம்முரண்பாட்டை நெடுங்காலமாக எதிர்நோக்கி வந்துள்ளன. ஆயின், சிறுவர் வாசித்துவிட்டு எறிந்த சித்திரக்கதை நூல்களும் இன்று அரும்பொருள் வரிசையில் இடம்பெற்றுவிட்டன. இவற்றைக் காட்சிக்கு வைக்கும்போது களவிலிருந்து காப்பது எவ்வாறு? கடந்த ஆண்டு எமது பல்கலைக்கழகத்தில் மாணவர் சிலர் சேர்ந்து சிறுவர் வாசிப்புப் பற்றிய கண்காட்சியொன்றை ஒழுங்கு செய்தபோது, இவ்வினா எனக்கு ஏட்டு வினாவாக அன்றி வீட்டு வினாவாகவே எழுந்தது. காட்சிக்கு வேண்டப்பட்டவை என் தாய்மாமனின் நூல்கள்.

சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ 1972 இல் வெளிவரத் தொடங்கியபோது மாமாவுக்குப் பத்து வயது. அதன் முதல் வெளியீடான ‘இரும்புக்கை மாயாவி’, 1962 இல் ஆங்கிலேய வார இதழொன்றில் தொடங்கிய தொடர்கதையின் தமிழ் வடிவமாகும். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்திலும், கைமாறிக் கைமாறி யாழ்ப்பாணத்துக்கு வந்த பிரதிகளை மாமா விடாது தேடிச் சேர்த்தார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது வீட்டிலிருந்த பலவற்றைக் கைவிட்டவர், றங்குப் பெட்டி ஒன்றை மட்டும் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். அப்பெட்டியில் இன்று எஞ்சியிருப்பவை 64 நூல்கள். திறப்பு அவரது இடுப்பிலேயே இருக்கும். கண்காட்சிக்குக் கேட்டபோது அவர் சொன்னது இது: “பெட்டிக்குள்ளை கிடந்தால் கிடக்கும் பிள்ளை. வெளியிலை வைச்சால் ஆற்றை கையிலை போகுமெண்டு ஆருக்குத் தெரியும்?”

அவரது அச்சம் ஆதாரமற்றதன்று. சித்திரக்கதை நூல் மெலிந்தது, பாரமற்றது, சட்டைக்குள் மறைவது. ஓவியத்தைப் போல் ஒன்றேயாக இராது பல பிரதிகளாக இருப்பதால், களவெடுத்ததைத் தன்னுடையதென்று சொல்லவும் இலகுவானது. அதன் விலையோ வியப்புக்குரியது. மீமனிதனை உலகுக்கு அறிமுகஞ்செய்த ‘அக்ஷன் கொமிக்ஸ்’ முதலாம் இதழ் 1938 இல் 10 சதத்துக்கு விற்கப்பட்டது. ஏறத்தாழ 2 இலட்சம் பிரதிகள் அச்சிடப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் கடதாசிச் சேகரிப்புகளிலும் வீட்டுக் குப்பைகளிலும் அக்காலத்து இதழ்கள் பெருவாரியாக அழிந்தன. அம்முதலாம் இதழில் எஞ்சியவை ஏறக்குறைய நூறு பிரதிகளே என்பர். எல்லோரும் எறிந்ததனாலேயே எறியாதவரின் பிரதி பெறுமதி பெற்றது.

அத்தகைய பிரதியொன்றின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. அமெரிக்கத் திரைப்பட நடிகர் நிக்கலஸ் கேஜ் தமது பிரதியை வீட்டுச் சுவரிலே பாதுகாப்புச் சட்டத்துள் காட்சிக்கு வைத்திருந்தார். 2000 ஆம் ஆண்டு ஜனவரியில் அது வேறு அரிய இதழ்களுடன் களவுபோயிற்று. பதினொரு ஆண்டுகளின் பின், 2011 இல், கலிபோர்னியாவில் வாடகைச் சேமிப்பறையொன்றின் பொருட்களிடையே அது அகப்பட்டது. முன்பு அதனைக் கேஜுக்கு விற்ற வணிகரே அது அந்தப் பிரதிதான் என்பதை உறுதிப்படுத்தினார். அதே ஆண்டு நவம்பரில் அது 21 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு ஏலத்தில் விற்பனையாயிற்று. சுவரிலிருந்த சட்டம் அதனைக் காக்கவில்லை. அதனைத் தனித்தறிந்த ஒருவரின் அறிவே அதனை உரியவரிடம் மீட்டுத் தந்தது.

இவ்விடத்தில் பூட்டின் இயல்பை நாம் தெளிவாக விளங்கிக்கொள்ளல் வேண்டும். எந்தப் பூட்டும் கள்வனை முற்றாகத் தடுப்பதில்லை, அவனைத் தாமதப்படுத்துகிறது. அத்தாமதத்துள் எவரேனும் களவை உணர்ந்தாலன்றிப் பூட்டினாற் பயனில்லை. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து மொனாலிசா ஓவியம் 1911 ஓகஸ்ற் 21 ஆம் திகதி களவாடப்பட்டது. வெறுமையான சுவரைக் கண்டும் காவலர் கலங்கவில்லை. படமெடுப்பதற்காகக் கொண்டுசென்றிருப்பர் என்றே எண்ணினர்; ஒரு நாளுக்கு மேல் களவு வெளிப்படவில்லை. எடுத்தவரோ முன்னர் அங்கு ஓவியங்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி பொருத்தும் பணியில் ஈடுபட்டவர்! அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் நகரிலுள்ள கார்ணகி நூலகத்தில் அரிய நூல்கள் ஏறத்தாழ 25 ஆண்டுகளாகக் களவுபோய்க்கொண்டிருந்தமை 2017 இல் நடந்த கணக்கெடுப்பின்போதே தெரியவந்தது. அவ்வறைக்குப் பொறுப்பாயிருந்தவரே அக்களவில் ஈடுபட்டவர் என்பது பின்னர் நீதிமன்றில் ஒப்புக்கொள்ளப்பட்டது. இரண்டிடத்திலும் பூட்டு இருந்தது. எண்ணிப் பார்த்தலே இருக்கவில்லை.

இவற்றையெல்லாம் மாமாவுக்கு எடுத்துரைத்தேன். “உங்கடை பெட்டியிலை என்னென்ன இருக்கெண்டு எங்கையும் எழுதி வைச்சிருக்கிறியளோ மாமா?” என்று கேட்டேன். இல்லை. எல்லாம் அவர் மனத்தில் மாத்திரமே இருந்தன. அப்படியாயின் பெட்டி காணாமற் போகும் நாளில் எது காணாமற் போனது என்பதைச் சொல்லவும் அவரையன்றி வேறெவரும் இலர். நெடுநேர மௌனத்தின் பின் ஏழு நூல்களை மட்டும் தெரிந்தெடுத்துத் தந்தார். மீதி 57 பெட்டியிலேயே தங்கின.

அந்த ஏழுக்காக நாம் செய்தவை பெருஞ்செலவுக்குரியன அல்ல. முதலில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தாள் ஒதுக்கினோம். முன்னட்டை, பின்னட்டை, நடுப்பக்கம் ஆகியவற்றின் நிழற்படங்களோடு அப்பிரதிக்கே உரிய குறைகளையும் அதிற் குறித்தோம். துருப்பிடித்த கம்பிப் பின், மடிந்த மூலை, மாமா சிறுவயதில் எழுதிய பெயர், மழைநீர் பட்ட கறை ஆகியன வணிகருக்குக் குறைகளாகலாம். உரியவருக்கோ அவையே உரித்துப் பத்திரம். பேழையின் மூடியைப் பூட்டோடு மட்டும் விடாது, தனிக் கருவியாலன்றிக் கழற்றவியலாத திருகாணிகளாலும் பிணைத்தோம். பேழையை வாசலுக்கும் யன்னலுக்கும் தொலைவில், காவலிருப்பவர் கதிரையிலிருந்தே காணக்கூடிய இடத்தில் வைத்தோம். திறக்கும்போதும் மூடும்போதும் இருவர் சேர்ந்து எண்ணிக் கொப்பியிற் கையொப்பமிட்டனர். எக்காரணத்துக்காக ஒரு நூலை எடுத்தாலும் எடுத்தவர் பெயரும் நேரமும் எழுதிய சீட்டு அவ்விடத்தில் இருத்தல் வேண்டும் என்று விதித்தோம். மாயாவியின் உடல் மறைந்தாலும் அவனது இரும்புக்கை கண்ணுக்குத் தெரியும். உண்மைக் கள்வரிடம் அவ்வசதி இல்லையாதலால் வெற்றிடத்தையே நாம் காணப் பழகவேண்டும்.

பைகளைச் சோதிப்பதா என்பது எம்மிடையே பெரும் வாதத்துக்குரியதாயிற்று. சோதனைச் சாவடிகளில் பையைத் திறந்து காட்டியே இளமையைக் கழித்த தலைமுறையினர் பலர் கண்காட்சிக்கு வரவிருந்தனர். தாம் சிறுவயதில் வாசித்த நூலைக் காண வருபவரைக் கள்வரென ஐயுற்றுச் சோதிப்பது காப்பாகாது, அவமதிப்பே ஆகும். ஆகவே எவரது பையையும் திறப்பதில்லை, எவரது பையும் உள்ளே வருவதில்லை என முடிவு செய்தோம். வாசலில் இலக்கத் துண்டு கொடுத்துப் பைகளைப் பெற்றுக்கொண்டோம். விரிவுரையாளருக்கும் விதி அதுவே. ஒருவரும் முகஞ்சுளிக்கவில்லை. அனைவர்க்கும் பொதுவான விதி எவரையும் புண்படுத்துவதில்லை என்பதை அன்று கண்டேன்.

எனினும் ஒரு குறை எஞ்சியது. சித்திரக்கதை என்பது பக்கம் புரட்டி வாசிப்பதற்கானது. கண்ணாடிக்குள் வைத்ததும் அது வெறும் அட்டைப்படமாகச் சுருங்கிவிடுகிறது. அமெரிக்காவிலே 2000 ஆம் ஆண்டு தொடக்கம் அரிய இதழ்களைத் தரம் பிரித்து, இலக்கமிட்டு, கெட்டியான பிளாஸ்ரிக் உறைக்குள் அடைத்துவிடும் வழக்கம் பரவியுள்ளது. அவ்விலக்கம் களவுபோன பிரதியை இனங்காண உதவும் என்பது உண்மையே. ஆனால் உறையை உடைத்தாலன்றி அந்நூலை எவரும் வாசிக்கவியலாது. நூலைக் காத்து வாசிப்பைப் பறிகொடுக்கும் இவ்வேற்பாடு எனக்கு உடன்பாடன்று. பேழையருகே மேசையொன்றில் ஒவ்வொரு நூலினதும் சில பக்கங்களின் நிழற்பிரதிகளை வைத்தோம். முதியவர் ஒருவர் அந்தப் பிரதியைக் கையிலேந்திப் பேழைக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். தாளில் வாசிப்பார், பின் கண்ணாடியைப் பார்ப்பார். அங்கு நிழற்பிரதியும் மூலமும் தத்தம் கடமையைச் செய்தன எனலாம்.

1981 இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்நினைவோடு வாழும் சமூகம் தாளை ஒளித்துவைக்க எண்ணுவது இயல்பே. ஆனால் ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பது எத்துணைப் பெரிய ஆபத்து என்பதும் அந்நினைவு தரும் பாடமன்றோ? 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலக முயற்சி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து எவரும் வாசிக்க வழிசெய்து வருவது இவ்வகையில் பெரும் ஆறுதல். தனியார் பெட்டிகளிலுள்ளவற்றைப் பொறுத்தமட்டில், அவை இன்னவை என்று சொல்லும் பட்டியலேனும் பெட்டியிருக்கும் வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் இருத்தல் அவசியமாகும்.

கண்காட்சி முடிந்து ஏழு நூல்களையும் கொண்டுசென்றபோது மாமா அவற்றைப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். மழைக்கறையைக் குறித்திருந்த இடத்தில் விரலை வைத்துச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் நூல்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, “மற்ற 57 ஐயும் உந்தமாதிரி எழுதித் தா பிள்ளை” என்றார். வருகின்ற விடுமுறையில் அதனைச் செய்யவுள்ளேன். பட்டியலின் ஒரு பிரதி அவரிடமும் மற்றொன்று எமது சங்கத்திடமும் இருக்கும். எம் மாணவர் ஒவ்வொருவரது வீட்டிலும் இத்தகைய பெட்டியொன்று இருக்கக்கூடும். அடுத்த கண்காட்சிக்குப் பேழை தேடுமுன் அப்பெட்டிகளுக்குப் பட்டியல் எழுத முற்படுவோமாயின், அவற்றைத் திறந்து காட்டும் துணிவு உரியவர்களுக்குத் தானே வரும்.