மதகுக்கு இடப்பக்கம்

எங்கள் டெல்டாவில் வழி கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. "இந்த மதகுக்கு இடப்பக்கம் பிரியிற வாய்க்காலோட போங்க" என்பார்கள். அந்த மதகில் நிற்பவருக்கு அது போதும். அதையே காகிதத்தில் எழுதிக்கொண்டு வேறொரு மதகில் போய் நின்றால், அங்கும் இடப்பக்கம் ஒரு வாய்க்கால் இருக்கும். அது யாருடைய வயலுக்கோ போகும். இதை நாங்கள் வயலில் கற்கவில்லை, 2009இல் ஒரு வலைத்தளத்தில் கற்றோம்.

தஞ்சையில் நண்பர்கள் நால்வராகச் சேர்ந்து பாரம்பரிய நெல் வகைகளுக்கென ஒரு சிறு தளம் வைத்திருந்தோம். நெல் ஜெயராமன் (2018 டிசம்பரில் மறைந்தார்) ஆதிரெங்கத்தில் 2006 முதல் நடத்திவந்த நெல் திருவிழாவில், இரண்டு கிலோ விதை வாங்கியவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. அதன் உற்சாகத்தில் பிறந்தது எங்கள் தளம். படங்களில் பலவும் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் வயலில் எடுத்தவை. ஒன்றில் அவரே கதிரைப் பிடித்தபடி நிற்பார். அந்த ஆண்டு அவர் காலமானார்.

எங்கள் பக்கங்களின் முகவரிகள் கேள்விக்குறியும் எண்ணுமாக இருந்தன. தேடுபொறிகளுக்கு அவை உகந்தவை அல்ல என்று பரவலாகச் சொன்னார்கள். (அத்தகைய முகவரிகளையும் தன்னால் படிக்க முடியும் என்று கூகுள் 2008இலேயே அறிவித்திருந்தது. நாங்கள் படிக்கவில்லை.) ஆகவே 12 என்ற எண்ணை 'நெல்/மாப்பிள்ளைச்சம்பா' என்று மாற்றினோம். அப்பாச்சி வழங்கியில் 1996 முதலே இதற்கென 'மாட் ரீரைட்' என்ற கருவி உண்டு. முகப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம், அழகாக வந்தது. நிம்மதியாக உறங்கினோம்.

காலையில் சிங்கப்பூரிலிருந்து பெரியவரின் மகன் அழைத்தார். "எங்கப்பா படத்தை எடுத்துட்டீங்களாண்ணே?"

உள்பக்கங்களில் எழுத்து மட்டும் இருந்தது, நிறமும் வடிவும் இல்லாமல். படமிருந்த இடங்களில் வெற்றுக் கட்டங்கள். வழங்கியில் தேடினால் எல்லாக் கோப்புகளும் வைத்த இடத்திலேயே இருந்தன. பிழைப் பதிவேடும் சுத்தமாக இருந்தது. அதுதான் எங்களை மிகவும் அச்சுறுத்தியது.

நடந்தது இதுதான். புதிய முகவரி ஒரு வேடம்; உள்ளே ஓடுவது பழைய நிரலே. அந்த வேடம் வழங்கிக்குத் தெரியும், உலாவிக்குத் தெரியாது. 'படங்கள் என்ற அடைவில் 12ஆம் கோப்பு' என்று எழுதியிருந்தோம். உலாவி அதைத் தன் கண்ணுக்குத் தெரியும் முகவரியிலிருந்து கணக்கிட்டு, 'நெல்' என்ற இல்லாத அடைவுக்குள் 'படங்க'ளைத் தேடியது. முகப்புப் பக்கம் வேரிலேயே இருந்ததால் அங்கே பிசகவில்லை. எதைக் கேட்டாலும் நிரலுக்கே அனுப்பு என்று நாங்கள் எழுதிய விதியோ, படம் கேட்ட உலாவிக்கும் முகப்புப் பக்கத்தையே 'சரி' என்ற முத்திரையோடு கொடுத்தது. பிழை எங்கே பதிவாகும்?

முதலில் 'பேஸ்' என்ற குறியீட்டை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இட்டு, எல்லாப் பாதைகளையும் முகப்பிலிருந்து எண்ணச் சொன்னோம். படங்கள் வந்தன, ஆனால் அதே பக்கத்தின் கீழேயுள்ள சமையல் குறிப்புக்கு இறக்கும் சுட்டிகள் முகப்புக்கு ஓடின. அதை எடுத்துவிட்டோம்.

பிறகு செய்ததை எங்கள் ஊர்க்காரர் எவரும் உடனே புரிந்துகொள்வார். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எல்லாம் பிரிவது கல்லணையில். எந்த மதகில் நின்றாலும் அங்கிருந்து எண்ணினால் கணக்கு மாறாது. பாதையின் தொடக்கத்தில் ஒரு சாய்கோடு இட்டால் உலாவி அப்படித்தான் வேரிலிருந்து எண்ணும். வீட்டுக் கணினியில் சோதனைப் பிரதி ஓர் உள்ளடைவில் இருந்ததால் அங்கே அந்தச் சாய்கோடும் வழிதவறியது. எனவே வேர் எது என்பதை அமைப்புக் கோப்பில் ஒரே இடத்தில் எழுதி, நிரலே அதை எல்லாப் பாதைகளுக்கும் முன்னால் சேர்க்கும்படி செய்தோம். உண்மையாகவே இருக்கும் கோப்பை யாரேனும் கேட்டால் குறுக்கிடாதே என்று விதியிலும் ஒரு நிபந்தனை. பழைய எண் முகவரிகளுக்கு வருவோரை நிரந்தரமாகப் புதியவற்றுக்கு அனுப்பும் 301 ஏற்பாடும் செய்தோம்.

மாலையில் மகன் மறுபடி அழைத்தார். படம் தெரிவதாகச் சொன்னார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது மாப்பிள்ளைச் சம்பா இல்லண்ணே. பயிர் அப்பா தலைக்கு மேல நிக்குது பாருங்க, காட்டுயானம்" என்றார். அவர் சொன்னது சரி. படத்தை அந்தப் பக்கத்துக்கு மாற்றினோம். பாதையில் ஓர் எழுத்தையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.