இரண்டு முறையும் 25 லட்சம்

பாரிசை ஒட்டிய சார்செலில் எங்கள் புதுச்சேரிக்காரர்கள் கூடினால், இலை போடும் முன்பே அரசியல் வந்துவிடும். என் மாமனார் வில்லியனூர், சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள்) குடும்பம், தி.மு.க.காரர். என் அண்ணன் பாகூரில் அ.தி.மு.க. கொடி கட்டி வளர்ந்தவர்.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவிக்கு நேர்ந்த பாலியல் கொடுமை தெரியவந்ததிலிருந்து இருவருக்கும் இதே சண்டை. "பாருங்க மாமா, அமைச்சர் பக்கத்துல நிக்கிறான்" என்று அதில் கைதான ஞானசேகரனின் படத்தை அண்ணன் நீட்டுவார். "பொள்ளாச்சி மறந்துபோச்சா?" என்று மாமா 2019-இல் அ.தி.மு.க. ஆட்சியில் வெடித்த பாலியல் வழக்குக்குப் போவார்.

எங்கள் பாகூர் கொம்யூனில் காதுகுத்துக்குக்கூட எம்.எல்.ஏ. படம் போட்டு பேனர் வைப்பார்கள். அதனால் ஒரு படம் மட்டும் எனக்குச் சாட்சியாகாது. ஆனால் பழைய வழக்குகள் உள்ள ஒருவன் பல்கலைக்கழக வளாகத்துக்குள் அவ்வளவு துணிச்சலாக நடமாடியது எப்படி என்று அப்போதைய ஆளுங்கட்சியான தி.மு.க.வைக் கேட்டே ஆகவேண்டும். அவன் கட்சி உறுப்பினர் அல்ல, அனுதாபிதான் என்று அப்போதைய முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் சொன்னது அதற்குப் பதிலாகாது. அவனுக்குப் பின்னால் வேறு யாரோ இருப்பதாகச் சந்தேகித்து "யார் அந்த சார்?" என்று அ.தி.மு.க. கேட்டதும் தப்பில்லை. ஆனால் விசாரணை அவன் ஒருவனோடு நின்றது. 2025 ஜூனில் நீதிமன்றம் 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை கொடுத்தது.

பிரான்சிலும் இதே படச் சண்டையைத்தான் பார்க்கிறேன். 2019 ஜூலையில் அமெரிக்கப் பாலியல் குற்றவாளி எப்ஸ்டீன் கைதானது பாரிசிலிருந்து அமெரிக்கா போய் இறங்கியபோது. என்னோடு வேலை செய்பவர்களில் ஒருவர் டிரம்ப் அவனோடு நிற்கும் படத்தைக் காட்டினால், இன்னொருவர் கிளிண்டன் படத்தைக் காட்டுகிறார். எப்ஸ்டீனுக்குப் பெண்களைச் சேர்த்துவிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட பிரெஞ்சுக்காரர் ழான்-லுக் ப்ரூனெல், 2022 பிப்ரவரியில் பாரிஸ் சிறையில் விசாரணைக்கு முன்பே இறந்துபோனார். நீதிமன்றத்தில் அவர் முகத்தைப் பார்த்துப் பேசக் காத்திருந்த பெண்களைப் பற்றி இந்தச் சண்டையில் யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பாகூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் புதுச்சேரிக் கல்லூரிக்குப் போனவள் நான். பஸ்ஸில் நடந்ததை வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்ட தோழிகள் எனக்கு உண்டு. பெயர் வெளியே வந்துவிடும் என்பதுதான் அவர்களுடைய முதல் பயம்.

அந்தப் பயத்தை இரண்டு ஆட்சிகளும் உண்மையாக்கின. 2019-இல் அ.தி.மு.க. ஆட்சியில் பொள்ளாச்சிப் பெண்ணின் பெயரைப் போலீஸ் அதிகாரியே செய்தியாளர்களிடம் சொன்னார். அரசாணையிலும் அது வந்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024-இல் தி.மு.க. ஆட்சியில் மாணவியின் முதல் தகவல் அறிக்கை அவருடைய விவரங்களோடு இணையத்தில் பரவியது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். அறிக்கையின் வாசகமே அந்தப் பெண்ணைப் பழிப்பதாக இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. அது சொன்ன இடைக்கால இழப்பீடும் 25 லட்சம்.

போன ஞாயிற்றுக்கிழமை இருவரிடமும் இதைச் சொன்னேன்.

"அப்ப எங்கள என்னதான் பேசச் சொல்றம்மா?" என்றார் மாமா.

"பேரை வெளியே விட்டது யாருன்னு கேளுங்க மாமா. நீங்க உங்க கட்சியக் கேளுங்க, அண்ணன் அவரு கட்சியக் கேட்கட்டும்."