கக்கூஸ்னு சொல்ல ஏன் இவ்வளவு கூச்சம்?

1/ 'கக்கூஸ்' எந்த மொழி வார்த்தைனு கேட்டா, பாதிப் பேர் இங்கிலீஷ்னு சொல்வாங்க. மீதிப் பேர் ஏதோ கொச்சைத் தமிழ்னு சொல்வாங்க. ரெண்டும் இல்லைங்க. அது டச்சு, அதாவது நெதர்லாந்துக்காரங்க பாஷை. இதை ஒரு டாக்டர் ஏன் எழுதணும்? காரணம் இருக்கு, கடைசி வரைக்கும் படிங்க.

2/ டச்சுல 'கக்'னா மலம். 'ஹௌஸ்' மாதிரி ஒலிக்கிற அவங்க சொல்லுக்கு வீடுன்னு அர்த்தம். ரெண்டும் சேர்ந்தா மலம் கழிக்கிற வீடு. நம்ம வாயில அது கக்கூஸ். இந்தோனேசியாவுல 'ககுஸ்', சிங்களத்துல 'கக்குஸ்ஸிய'. மூணு இடத்துலயும் டச்சுக்காரங்க பல வருஷம் இருந்திருக்காங்க.

3/ சாணார்பட்டியில இருந்து கடல் ரொம்ப தூரம். டச்சுக்காரங்க இருந்தது கடற்கரையில. 1602ல அவங்க கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்குச்சு. நம்ம கரைக்கு முக்கியமா துணி வாங்கத்தான் வந்தாங்க. 1613ல பழவேற்காட்டுல கெல்ட்ரியா கோட்டை. 1658ல போர்ச்சுகீசியர்கிட்ட இருந்து தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் பிடிச்சாங்க. 1690ல சோழமண்டலக் கரைக்கே நாகப்பட்டினம்தான் அவங்க தலைமையிடம். 1781ல அதை ஆங்கிலேயர் பிடிச்சாங்க.

4/ கோட்டை போச்சு, வார்த்தை நின்னுடுச்சு. 'துட்டு'கூட டச்சுச் செப்புக்காசோட பேருதான். யாழ்ப்பாணத்துல ஆபீஸை 'கந்தோர்'னும் பீன்ஸை 'போஞ்சி'னும் சொல்றதும் டச்சுல இருந்து வந்ததுதான். பஸ் ஸ்டாண்டுல துட்டு குடுத்து கக்கூஸ் போறோமே, ஒரே வரியில ரெண்டு டச்சு வார்த்தை 😀

5/ இந்த வார்த்தை ஏன் ஒட்டிக்கிச்சு? எனக்குத் தோணுற காரணம் இது. நம்ம பழைய பேச்சைப் பாருங்க: வெளிக்குப் போறது, கொல்லைக்குப் போறது, காட்டுக்குப் போறது. எல்லாமே வீட்டுக்கு வெளியில. நாலு சுவரும் கதவும் வச்சு இதுக்குன்னு ஒரு இடம் வந்தப்ப, அதுக்கு ஒரு பேர் தேவைப்பட்டுச்சு.

6/ இப்ப அந்தப் பேரைச் சொன்னா முகம் சுளிக்கிறோம். பாத்ரூம், டாய்லெட், ரெஸ்ட் ரூம்னு மாறிட்டோம். நாகரிகமாத்தான் இருக்கு, தப்பில்ல. ஆனா டாக்டர் முன்னாடி உட்காரும்போது இந்த நாகரிகம் சிக்கல் ஆகுது.

7/ "பாத்ரூம் போறப்ப ரத்தம் வருது டாக்டர்." ஓ.பி.யில அடிக்கடி கேட்கிற வரி. சிறுநீர்லயா? மலத்துலயா? மாதவிடாயா? மூணுக்கும் காரணம் வேற, டெஸ்ட் வேற. திருப்பிக் கேட்டா கூட வந்த மருமகளைப் பார்த்துட்டு, "ஒண்ணுமில்ல, விடுங்க"ன்னு எழுந்திருக்கிற அம்மாக்கள் உண்டு. அந்த "ஒண்ணுமில்ல"தான் எனக்குப் பயம்.

8/ இங்க நாகப்பட்டினம் டச்சுக்காரங்க கையில இருந்த அதே காலத்துல, நெதர்லாந்துல டெல்ஃப்ட் ஊர்ல லேவன்ஹுக்னு ஒரு துணி வியாபாரி. காலேஜ் படிப்பு கிடையாது. தானே லென்ஸ் தேய்ச்சு மைக்ராஸ்கோப் செஞ்சவர். 1681ல அவருக்கு வயித்தால போச்சு. தன்னோட மலத்தையே எடுத்து லென்ஸ்ல வச்சுப் பார்த்தார். உள்ள நீந்துற குட்டி உயிர்களைப் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமே எழுதிட்டார்.

9/ அவர் பார்த்தது ஜியார்டியான்னு இன்னிக்குச் சொல்றாங்க. அசுத்தமான தண்ணி மூலமா இப்பவும் பரவுற கிருமி. இன்னிக்கும் மலப் பரிசோதனைன்னா மைக்ராஸ்கோப்லதான் தேடுறோம். அவர் கூச்சப்பட்டிருந்தா அந்தக் கடிதம் இல்லை.

10/ சரி, எதையெல்லாம் மறைக்காம சொல்லணும்?
• மலத்துல ரத்தம். மூலம்னு நீங்களே முடிவு பண்ணி மெடிக்கல்ல மருந்து வாங்காதீங்க. குடல் புற்றுநோயும் இப்படித்தான் ஆரம்பிக்கலாம்.
• தார் மாதிரி கருப்பா போறது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருப்பா போகும், அதனால மாத்திரையையும் சொல்லுங்க.
• மூணு வாரத்துக்கு மேல வழக்கம் மாறியிருந்தா. கூடவே எடை குறைஞ்சா, இன்னும் சீக்கிரம் வாங்க.
• குழந்தைக்கு வயித்தால போய் கண்ணு உள்ள போனா, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சா, ஓ.ஆர்.எஸ். குடுத்துக்கிட்டே அன்னிக்கே ஆஸ்பத்திரி.

11/ மத்தவங்க முன்னாடி சொல்ல முடியலைன்னா, "தனியா பேசணும்"னு மட்டும் சொல்லுங்க. கூட வந்தவங்களை வெளிய அனுப்புறது எங்க வேலை. நர்ஸ் சிஸ்டர்கிட்ட சொன்னாலும் போதும்.

12/ ரெண்டுக்கு, வெளிக்கு, மோஷன், கக்கூஸ்... எந்த வார்த்தையா இருந்தாலும் சரி, எங்களுக்கு முகம் சுளிக்காது. நேரத்தோட சொல்லிடுங்க. உங்க வீட்டுல அறுபது வயசு தாண்டினவங்க இருந்தா, இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தடவை கேட்டுப் பாருங்க 🙏