பாலாறு ஏன் அகப்படவில்லை?

மைசூரு வட்டார ஊர்ப்பெயர்களைத் தேடும் ஆய்வாளர் ‘பாலாறு’ என்று தரவுத்தளத்தில் இடுகிறார். ‘பாலாற்றங்கரை’ வருவதில்லை, ‘பாலாற்றில்’ வருவதில்லை. படிப்பவருக்கு இவை ஒரே பெயர். கணினிக்கு வெவ்வேறு குறித்தொடர்கள்.

உடனே ‘%பாலா%’ என்று வினவுகிறார். சொல்லின் தொடக்கம் தெரியாததால் அகரவரிசைச் சுட்டு பயனற்றுப் போகிறது. கணினி வரிவரியாகப் படிக்கிறது. நெடுநேரம் கழித்துப் பாலாஜியும் பாலாமணியும் சேர்ந்தே வருகிறார்கள்.

தீர்வு எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. யூனிகோடில் ‘று’ என்பது றகரமும் உகரக் குறியும். ‘ற்’ என்பது றகரமும் புள்ளியும். ஆகவே ஊர்ப்பெயர்ப் பத்தியில் ‘பாலாற%’ என்று தேடினால் எல்லா வடிவங்களும் அகப்படும். உரிய சுட்டு இருந்தால் விரைவாகவும் அகப்படும்.

அடுத்த இடர் மாவட்டம். நந்தி மலையில் தோன்றிக் கடல் சேரும் பாலாறு வேறு. மாதேசுவரன் மலைப்பகுதியில் ஓடிக் காவிரியில் கலக்கும் பாலாறு வேறு. இரண்டையும் பிரிக்க ‘மைசூரு’ என்ற நிபந்தனையைச் சேர்ப்பது இயல்பே. ஆனால் அந்த மலைப்பகுதி அடங்கிய கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது, பிறகு மைசூரில், 1997 முதல் சாமராசநகரில். ஒரே மாவட்டப் பெயரைக் கேட்கும் வினவல் மற்ற இரு காலங்களையும் இழக்கிறது.

விடை சுழியம் என்றால் ஆய்வேட்டில் ‘சான்று இல்லை’ என்று எழுதிவிடுவது எளிது. அதற்கு முன் வினவலைத் திருத்திப் பார்ப்பதே ஆய்வுநெறி. ஊர் நகரவில்லை, அதன் முகவரிதான் இருமுறை மாறியது.