கிரயமா, குத்தகையா, போக்கியமா?

இந்திய மின்சார வரலாற்றில் கோலார் தங்கவயலுக்குத் தனி இடம் உண்டு. 1902ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் உற்பத்தியான மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பிவழி ஓடிவந்து இங்குள்ள சுரங்க எந்திரங்களை இயக்கத் தொடங்கியது. பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். தலைநகரை முந்திக்கொண்ட பெருமையைத் தங்கவயல்காரர்கள் இன்றும் சொல்லிக்கொள்வது வழக்கம். ஆனால் அந்த மின்சாரம் முதலில் சென்றது எந்திரங்களுக்கே. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களின் தட்டிக் குடிசைகளுக்கு அல்ல. குடிசைக்கு அருகிலேயே கம்பி ஓடியது. ஒரு பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் அது ஒருவருக்குப் பயன்படுவதும் வேறு வேறு என்பதை இந்த ஊர் அன்றே கற்றுக்கொண்டது.

அந்தப் பாடம் இப்போது இரண்டு சக்கரங்களில் திரும்பி வந்திருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் இந்தியாவின் மின் இருசக்கர வாகன உற்பத்தியில் முதன்மையான இடமாகிவிட்டது. ஓசூரில் ஏத்தரும் டிவிஎஸ்ஸும், போச்சம்பள்ளியில் ஓலாவும் தொழிற்சாலைகள் வைத்திருக்கின்றன. இவை எல்லாம் தங்கவயலிலிருந்து எட்டிவிடும் தூரம். ஆகவே ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியிலும் மின் ஸ்கூட்டர்கள் பெருகிவிட்டன. அவற்றோடு ஒரு புதிய விற்பனை முறையும் வந்து சேர்ந்தது. வண்டி ஒன்றுதான், மோட்டாரும் மின்கலமும் அவையேதான். ஆனால் வேகமாக எடுக்கும் முறை, விரைவாக மின்னேற்றும் வசதி, வழிகாட்டும் வரைபடம் ஆகியவை மென்பொருளால் பூட்டப்பட்டிருக்கும். கூடுதல் பணம் கட்டினால் திறக்கும்.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு 2023 ஏப்ரலில் கிடைத்தது. சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் தொடங்கிய ஏத்தர் நிறுவனம், தன் 450எக்ஸ் ஸ்கூட்டரை ஒரு லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில் அறிவித்தது. 3.7 கிலோவாட் மணி மின்கலமும் மோட்டாரும் மாறவில்லை. ஆனால் பலவகை ஓட்டுமுறைகளுக்குப் பதிலாக ஒன்றே ஒன்று. மின்னேற்ற நேரமும் நீண்டது. 'ப்ரோ பேக்' என்ற தொகுப்புக்குச் சுமார் 30,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் எல்லாம் கிடைக்கும்.

இது எப்படி இயலும்? பெட்ரோல் வண்டியின் ஆற்றலைக் கூட்டப் பெரும்பாலும் உறுப்புகளைத் தொட வேண்டும். மின் வண்டியில் ஆக்சிலரேட்டரைத் திருகும் கைக்கும் மோட்டாருக்கும் நடுவே கன்ட்ரோலர் என்ற கணினி அமர்ந்திருக்கிறது. கை கேட்பது ஒரு கோரிக்கை மட்டுமே. எத்தனை ஆம்பியர் கொடுக்கலாம் என்று தீர்மானிப்பது கன்ட்ரோலர். மின்னோட்டம் கூடினால் முறுக்குவிசை கூடும். ஆகவே மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றினால் வண்டியின் குணமே மாறிவிடும். அந்த எண்ணை வண்டியிலுள்ள சிம் வழியாகத் தொலைவிலிருந்தே மாற்றவும் முடியும்.

சாம்பியன் ரீஃப்ஸில் லைன் வீடு ஒன்றில் வாழும் குடும்பம் அண்மையில் இப்படியொரு வண்டியை விலைபேசியது. மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். தங்கவயலின் ஆயிரக்கணக்கானோரைப் போல விடியுமுன் ரயிலேறி இருட்டிய பின் திரும்புகிறவன். தந்தை, சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் இயக்கியவர். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. அதற்குள் ஆட்களை இறக்குவதும் ஏற்றுவதும் அவருடைய கையிலிருந்த நெம்புகோல். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது அவருடைய வேலையும் முடிந்தது.

கடையில் இளைஞன் விளக்கிய எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்வி கேட்டார்: "இதெல்லாம் வண்டிக்குள்ள இருக்குதா, இல்லையா தம்பி?"

"இருக்குது ஐயா. ஆன் பண்ணல, அவ்ளோதான்."

"இருக்குறதுக்குத் தனியாத் துட்டா?"

அவர் எந்திரம் அறியாதவர் அல்லர் என்பதால்தான் இக்கேள்வி கவனிக்கத்தக்கது. ஒரே எந்திரத்துக்கு இரண்டு வேகங்கள் இருப்பது அவருக்குப் புதிதன்று. சுரங்கங்களில் தாதுவை ஏற்றும்போது வைண்டிங் எஞ்சினை வேகமாக ஓட்டலாம். கூண்டுக்குள் மனிதர் இருந்தால் குறைந்த வேகத்தில்தான் ஓட்ட வேண்டும். அந்த வரம்பை மீறாமல் பார்த்துக்கொள்ளக் கருவியும் உண்டு. எஞ்சினால் முடியாது என்பதால் விதித்த தடை அன்று அது. உள்ளே உயிர் இருக்கிறது என்பதால் விதித்தது. மின் வண்டியிலும் இத்தகைய தடைகள் உண்டு. மின்கலம் சூடேறினால் கன்ட்ரோலர் ஆற்றலைக் குறைக்கும். மின்னேற்றம் நிறைவை நெருங்கினால் வேகம் தணியும். இவற்றை அந்தப் பெரியவர் உடனே ஏற்றுக்கொண்டார். உயிருக்காகவோ எந்திரத்துக்காகவோ அல்லாமல், விலைக்காக மட்டும் விதித்த தடையைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. இரண்டும் ஒரே கம்பிக்குள், ஒரே நிரலாக இருப்பதால் வாங்குபவருக்கு வேறுபாடு தெரிவதில்லை.

நிறுவனங்களின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. நான்கு வகை மோட்டார்களைச் செய்து நான்கு கிடங்குகளில் அடுக்குவதைவிட ஒரே வகையைச் செய்வது மலிவு. அந்த மலிவில் ஒரு பகுதி, குறைந்த வசதி போதும் என்பவருக்கு விலைக்குறைப்பாகச் சேர்கிறது. மென்பொருள் எழுதுவதும் உழைப்புதான். அதற்குக் கூலி உண்டு. டிடிஎச் பெட்டியை நினைத்துப் பார்க்கலாம்: எல்லாச் சேனல்களின் அலைகளும் எல்லார் கூரையிலும் விழுகின்றன, பணம் கட்டியவருக்கே படம் தெரிகிறது. அதை யாரும் அநீதி என்பதில்லை.

ஆனால் ஒப்புமை அந்த இடத்தோடு முறிகிறது. சேனல் நாள்தோறும் யாரோ உழைத்து அனுப்பும் பண்டம். மோட்டார் அப்படியன்று, ஒருமுறை செய்து, விற்று, வீட்டு வாசலில் நிற்கும் பொருள். அதன் எடையைச் சுமப்பவர் ஓட்டுபவர், மின்கட்டணம் கட்டுபவரும் அவரே, தேய்மானமும் அவருடையதே. சுமை முழுவதும் ஒருவரிடமும் சாவி இன்னொருவரிடமும் இருக்கும்போது, நடந்தது விற்பனைதானா என்ற ஐயம் எழுவது இயல்பு.

இந்த ஐயத்தைத் தீர்க்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. முழுதாக விற்றால் கிரயம். ஆண்டுக்கணக்கில் பயன்பாட்டை மட்டும் கொடுத்தால் குத்தகை. மாதக் கணக்கென்றால் வாடகை. மொத்தத் தொகையைக் கொடுத்து, வாடகையின்றி அனுபவித்து, காலம் முடிந்ததும் பணத்தைத் திரும்பப் பெற்றால் போக்கியம். தங்கவயலிலும் பெங்களூரிலும் வீடு தேடும் எவரும் அறிந்த சொல் இது. பழைய கிரயப் பத்திரங்களில், வாங்கியவர் புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று எழுதுவார்கள். சடங்கு வாசகம் போலத் தோன்றினாலும் அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை உண்டு. பிள்ளைக்குப் போகுமா, தானம் செய்யலாமா, மறுபடி விற்கலாமா, யாரையும் கேட்காமல் பயன்படுத்தலாமா ஆகிய நான்கு கேள்விகளுக்கு அது விடை சொல்கிறது.

மென்பொருளால் திறக்கும் வசதியிடம் இதே நான்கு கேள்விகளைக் கேட்டால் உலகெங்கும் வெவ்வேறு விடைகள் வருகின்றன. மெர்சிடிஸ் 2022இல் அமெரிக்காவில் தன் மின் கார்களின் கூடுதல் முடுக்கத்துக்கு ஆண்டுக்கு 1,200 டாலர் என்று அறிவித்தது. இது தெளிவான குத்தகை. பிஎம்டபிள்யூ அதே ஆண்டில் சில நாடுகளில் இருக்கையைச் சூடாக்க மாதச் சந்தா கேட்டது, ஏளனத்துக்கு ஆளாகி 2023இல் கைவிட்டது, அது வாடகை. பிரிட்டனில் 2025இல் ஃபோக்ஸ்வாகன், ஐடி.3 காரின் முழு ஆற்றலை மாதம் 16.50 பவுண்டுக்கோ, ஒரேயடியாக 649 பவுண்டுக்கோ தருவதாகச் சொன்னது. ஒரேயடியாகக் கொடுத்தால் அது காரோடு போகும். அது மட்டுமே கிரயத்துக்கு அருகில் வருகிறது. 2020இல் அமெரிக்காவில் பழைய டெஸ்லா ஒன்றை வாங்கியவர், விளம்பரத்தில் இருந்த தானோட்ட வசதிகள் தொலைவிலிருந்தே நீக்கப்பட்டதைக் கண்டார். செய்தி பரவிய பின்னரே அவை திரும்பக் கிடைத்தன.

இன்னொரு நிகழ்ச்சி இதைவிடக் கூர்மையானது. 2017 செப்டம்பரில் இர்மா புயல் புளோரிடாவை நெருங்கியபோது, குறைந்த திறன் என விற்கப்பட்ட சில டெஸ்லா கார்களின் மின்கலங்களை நிறுவனம் தற்காலிகமாகத் திறந்துவிட்டது. 60 என்று விற்ற கார்களுக்குள் 75 கிலோவாட் மணி மின்கலம் இருந்தது. தப்பி ஓடியவர்களுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைத்தது. எல்லாரும் அதைக் கருணை என்று பாராட்டினார்கள்; கருணைதான். ஆனால் புயல் செய்தியாகும். லைன் வீட்டில் நள்ளிரவில் வரும் நெஞ்சுவலி செய்தியாகாது. தங்கவயலிலிருந்து கோலார் அரசு மருத்துவமனைக்கு 30 கிலோமீட்டர் அளவில் போக வேண்டும். அந்த இரவில், பூட்டியிருக்கும் கடைசிப் பத்துக் கிலோமீட்டரை யாரிடம் கேட்பது?

இந்தியாவில் பொதுப்பணமும் இக்கதையில் கலந்தது. ஃபேம் 2 திட்டத்தின்கீழ் மானியம் பெற, வண்டியின் ஆலை விலை 1.5 லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு இருந்தது. சார்ஜருக்குத் தனியாக விலையிட்டு, வண்டியின் விலையை வரம்புக்குள் வைத்ததாக 2023இல் கேள்வி எழுந்தது. மென்பொருளைத் தனியாக விற்றதும் விவாதமாயிற்று. ஓலா, ஏத்தர், டிவிஎஸ், ஹீரோ மோட்டோகார்ப் ஆகியவை சார்ஜருக்காகப் பெற்ற தொகையை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர முன்வந்தன. வண்டி என்பது எதுவரை, வண்டிக்கு வெளியே இருப்பது எது என்ற வரையறை வெறும் சொல் விளையாட்டன்று. அது கோடிக்கணக்கான ரூபாய் சார்ந்தது என்று அப்போது தெரிந்தது.

இருந்தும், தங்கவயல் கேட்க வேண்டிய கேள்வி விலை பற்றியது மட்டுமன்று: கம்பெனி மூடினால் என்ன ஆகும்? நெதர்லாந்தின் வான்மூஃப் 2023இல் திவாலானபோது, கைப்பேசிச் செயலியால் பூட்டைத் திறக்கும் மிதிவண்டிகளின் உடைமையாளர்கள் தங்கள் சாவிகளை அவசர அவசரமாகப் படியெடுத்துக்கொண்டார்கள். போட்டி நிறுவனமொன்று அதற்குச் செயலி செய்து உதவியது. 2024இல் ஃபிஸ்கர் என்ற அமெரிக்க மின்கார் நிறுவனம் திவாலானபோதும், மென்பொருளை இனி யார் பார்ப்பது என்று கார் வாங்கியவர்கள் தவித்தார்கள்.

கம்பெனி மூடுவது என்றால் என்ன என்று தங்கவயலுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சுரங்கம் மூடிய பிறகும் குடும்பங்கள் அதே லைன் வீடுகளில் வாழ்ந்தன. ஓடு மாற்றினார்கள், சுவர் எழுப்பினார்கள், பிள்ளைகளுக்கு மணம் முடித்தார்கள். வீடு அவர்கள் கையில். பத்திரம் அவர்கள் கையில் இல்லை. தங்கள் பெயருக்கு எழுதித் தாருங்கள் என்று முன்னாள் தொழிலாளர்கள் ஆண்டாண்டாகக் கேட்டு வந்தார்கள். கன்னடத்தில் அதை 'ஹக்கு பத்ர' என்பார்கள். 'ஹக்கு' என்றால் உரிமை. அனுபவம் இருந்து உரிமை இல்லாத வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதை அந்தப் பெரியவர் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கூரையைச் சரிசெய்யும்போது உணர்ந்தவர். தன்னுடையதல்லாத கூரைக்குத் தன் பணத்தைச் செலவிடும்போது கை தயங்கும். ஒழுகும்போது தயங்கவும் முடியாது.

ஆகவே அவர் கேட்ட கேள்வியைக் கஞ்சத்தனமென்றோ, புதுமையைப் புரியாத முதுமையென்றோ தள்ளிவிட முடியாது. திறக்கும் வசதிகளை விற்கட்டும். விற்கும்போது பில்லில் நான்கு வரிகள் இருந்தால் போதும்: இது எத்தனை காலத்துக்கு, வண்டியை விற்றால் கூடவே போகுமா, நிறுவனம் மூடினால் திறந்த நிலையில் நிற்குமா, பூட்டிய நிலையிலா, உயிருக்கு ஆபத்தான நேரத்தில் யாரையும் கேட்காமல் திறக்க வழி உண்டா. இவற்றை எழுதித் தரச் சட்டம் வற்புறுத்தினால் கிரயம் எது, குத்தகை எது என்று வாங்குபவருக்கு விளங்கிவிடும். பிறகு அவர் எதையும் வாங்கட்டும், தெரிந்து வாங்குவார்.

அந்தக் குடும்பம் வண்டியை வாங்கியது, தொகுப்பை வாங்கவில்லை. ரயில் நிலையத்துக்குப் போய்வர அடிப்படை வண்டியே போதும் என்று மகன் கணக்குப் போட்டான். எத்தனை மணிநேரம் மின்னேற்றினாலும் விடியுமுன் நிறைந்துவிடுகிறது. தந்தை மட்டும் பில்லை இரண்டுமுறை படித்தார். வண்டியின் எண், மோட்டாரின் எண், மின்கலத்தின் எண் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. மூன்றும் தங்களுடையவை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே சாவியைக் கையில் வாங்கினார்.