ஷா ஆலம் நீலமும் பாட்டியின் பச்சைச் சேலையும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஷா ஆலம் ஏரிப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மரங்களுக்கு மேலே நீலப் பள்ளிவாசல் பளிச்சென்று தெரிந்தது. கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, எடுத்த சூட்டோடு எங்கள் வானொலி நண்பர்களின் புலனக் குழுவில் போட்டேன். ஒலிப்பதிவுப் பிரிவில் இருக்கும் அண்ணன் அதையே கறுப்பு வெள்ளையாக்கித் திருப்பி அனுப்பினார். கீழே ஒரு வரி: "இப்பதாம்மா இது போட்டோ."

அண்ணன் சும்மா சொல்கிறவர் இல்லை. படச்சுருள் காலத்திலேயே கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கப் போனவர். நான் ஊடகத்துறையில் பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளிச்சத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். வண்ணம் கண்ணை ஏமாற்றும், கறுப்பு வெள்ளைதான் உண்மையைக் காட்டும் என்பது அவருடைய கட்சி. இத்தனை வருடம் நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் அவர் அனுப்பிய படத்தில் குவிமாடத்தைக் காணோம். நான்கு கோபுரங்களும் வெள்ளையாக நிற்கின்றன. நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று, பின்னால் இருந்த மழை வானத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. முன்பின் ஷா ஆலத்தைப் பார்க்காத ஒருவரிடம் அதைக் காட்டினால், நான்கு கம்பங்களுக்கு நடுவே ஒரு மேகம் என்று சொல்லிவிடுவார்.

அந்தக் குவிமாடம் ஒன்றும் சின்னது இல்லை. விட்டம் மட்டும் 51 மீட்டர். கோபுரம் ஒவ்வொன்றும் 142 மீட்டர் உயரம். சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் ஷா பள்ளிவாசல் என்பது முழுப் பெயர். 1988இல் திறக்கப்பட்டது. நாட்டிலேயே பெரிய பள்ளிவாசல் இதுதான். ஆனால் சுற்றுப்பயணிகள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்பதில்லை. 'நீலப் பள்ளிவாசல் எங்கே' என்றுதான் கேட்கிறார்கள். அப்படியிருக்க, படத்தில் நீலத்தை எடுத்துவிட்டால் எதைப் படம் எடுத்தோம் என்பதே போய்விடுகிறது.

இதில் ஒரு சின்ன விஞ்ஞானம் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம் நிறத்தை அறியாது. எவ்வளவு வெளிச்சம் என்பதை மட்டுமே அறியும். நீலமும் சாம்பலும் ஒரே அளவு வெளிச்சம் தந்தால், இரண்டும் அதற்கு ஒன்றுதான். அந்தக் காலத்துப் படக்காரர்கள் லென்சுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி போட்டு நீல வானத்தைக் கறுக்க வைப்பார்கள். அமெரிக்காவின் அன்சல் ஆடம்ஸ் 1927இல் ஒரு பாறை மலையை அப்படித்தான் எடுத்துப் பெயர் வாங்கினார். அவருடைய பாறை சாம்பல் நிறம், அதனால் வானம் மட்டும் கறுத்தது. இங்கே அந்த வித்தை செல்லாது. வானத்தோடு குவிமாடமும் சேர்ந்து கறுத்துவிடும்.

படம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நண்பகலில் போகாதீர்கள். உச்சி வெயிலில் அந்த நீலம் வெளிறிப்போய்த் துவைத்த சட்டைபோல் இருக்கும். மழை விட்ட மாலை, அல்லது மக்ரிப் நேரத்துக்குச் சற்று முன், விளக்குகள் எரியத் தொடங்கும் பொழுது நல்லது. ஏரிக்கரையில் கொசு உண்டு, நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.

அண்ணனிடம் உடனே சண்டைக்குப் போகவில்லை. எல்லாப் படத்துக்கும் வண்ணம் வேண்டும் என்று நானே நம்பவில்லையே! பத்துமலையை எடுத்துக்கொள்ளுங்கள். 272 படிகளுக்கும் 2018இல், குடமுழுக்கை ஒட்டி, வானவில்போல வண்ணம் பூசினார்கள். மரபுச் சின்னத்துக்கு இப்படிச் செய்யலாமா என்று சர்ச்சை கிளம்பியது. படங்களோ உலகம் முழுக்கச் சுற்றின. அந்தப் படிகளைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது வீண்வேலை. ஆனால் அதே படிகளில் தைப்பூசத்தன்று, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறும் தாயின் முகத்தை எடுக்கும்போது எனக்கு வண்ணம் இடைஞ்சலாகத்தான் இருக்கிறது. மஞ்சள் உடை, மயிலிறகு, படியின் சிவப்பு என எல்லாம் சேர்ந்து கண்ணை இழுக்க, முகம் மூன்றாவதாகத்தான் தெரிகிறது. அங்கே அண்ணன் சொல்வது சரி.

ராஜஸ்தானில் பிறந்த ரகுபீர் சிங் என்ற புகைப்படக் கலைஞர், கறுப்பு வெள்ளைதான் கலை என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே இந்தியாவை வண்ணத்தில் எடுத்தார். இந்தியர்கள் உலகைப் பார்க்கும் விதத்திலேயே வண்ணம் இருக்கிறது என்று 1999இல் மறையும்வரை வாதாடினார். 1985இல் நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டையில் வந்த ஆப்கன் சிறுமியின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பச்சைக் கண்கள், செம்மண் நிற முக்காடு. அதைக் கறுப்பு வெள்ளையாக்கினாலும் பார்வையின் கூர்மை போகாது. ஆனால் அந்தப் பச்சையும் சிவப்பும் ஒன்றோடு ஒன்று மோதுவது போய்விடும்.

பச்சை, சிவப்பு என்றதும்தான் பாட்டி கதைக்கு வரவேண்டியிருக்கிறது.

பாட்டி பாடாங் ஜாவாவில் மாமா வீட்டில் இருக்கிறார். பள்ளிவாசலிலிருந்து அதிக தூரமில்லை. இன்று ஷா ஆலம் என்று நாம் சொல்லும் இடமெல்லாம் ஒருகாலத்தில் ரப்பரும் செம்பனையுமாக இருந்த தோட்டங்கள். 1978இல்தான் இது சிலாங்கூரின் தலைநகரானது. பாட்டி அதற்கு முன்பே இந்தப் பக்கம் பால்மரம் சீவியவர். கல்யாணம் ஆன மறுவாரம், தாத்தா அவரைக் கிள்ளானுக்குக் கூட்டிப்போய் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்திருக்கிறார். வீட்டில் மாட்டியிருக்கும் ஒரே பழைய படம் அது. கறுப்பு வெள்ளை. பாட்டியின் நெற்றிப் பொட்டு கறுப்பாக இருக்கும். சின்ன வயதில், அந்தக் காலத்தில் கறுப்புப் பொட்டுதான் வைப்பார்கள்போல என்று நினைத்திருக்கிறேன்.

அந்தப் படத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு பழைய பேச்சு உண்டு. படத்தில் பாட்டியின் சேலைக்குக் கரையே இல்லை. "கரை வெச்ச சேலை வாங்கக்கூட வக்கில்லாம கட்டிக்கிட்டான்" என்று தாத்தாவின் வழிச் சொந்தம் ஒருவர் விசேஷத்துக்கு விசேஷம் சொல்லிச் சிரிப்பார். பாட்டி பதில் பேசி நான் பார்த்ததில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

போன தீபாவளிக்கு என் தம்பி, அதுதான் மாமா மகன், அந்தப் படத்தை ஒரு செயலியில் போட்டு வண்ணமாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தான். செயலி பாட்டிக்கு ஊதா நிறச் சேலை கட்டிவிட்டிருந்தது. எல்லாரும் அழகு என்றோம். பாட்டி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "யார் சேலைய்யா இது?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. "என்னோடது பச்ச. செவப்புக் கர. ஒங்க தாத்தா ரெண்டு மாசச் சம்பளத்துல புடிச்சு வெச்சு வாங்குனாரு."

பாட்டிக்கு வயதாகிவிட்டது, நினைவு தடுமாறுகிறது என்று மாமாவே சொல்லிவிட்டார். படத்தில்தான் கரை இல்லையே! நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததை இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் அனுப்பிய படத்தில் காணாமல்போன குவிமாடம்தான் என்னைத் திரும்ப இழுத்தது. வானத்துக்குள் குவிமாடம் கரைய முடியும் என்றால், சேலைக்குள் கரை கரைய முடியாதா?

மறுநாள் ஞாயிறு, கிள்ளானுக்குப் போனேன். ஜாலான் தெங்கு கிளானாவில் வண்டி நிறுத்த இடம் கிடைக்க அரைமணி நேரம் ஆனது. அங்கே ஞாயிற்றுக்கிழமை அதுவே சீக்கிரம். பூக்கடை, பலகாரக்கடை எல்லாம் தாண்டி ஒரு சேலைக்கடையில் ஏறினேன். "அக்கா, ஜரிகை இல்லாம, இலைப்பச்சை உடம்பு, குங்குமச் சிவப்புக் கரை, நூல் சேலை இருக்கா?" என்று கேட்டேன். நான்காவதாக எடுத்துப் போட்டது சரியாக இருந்தது. மேசைமேல் விரிக்கச் சொல்லிப் படம் எடுத்து, அங்கேயே கறுப்பு வெள்ளையாக்கினேன்.

கரை போய்விட்டது. முழுக்க ஒரே சாம்பல். உற்றுப் பார்த்தால் நெசவு மாறும் இடத்தில் மயிரிழைபோல ஒரு கோடு, அவ்வளவுதான். கடைக்கார அக்கா எட்டிப்பார்த்து, "ஐயோ, எங்கம்மா என் கரைய?" என்றார். இத்தனைக்கும் என் கைப்பேசி சிவப்பை ஒழுங்காகப் பார்க்கும். பழைய படச்சுருள்களில் சில வகைகள் சிவப்பை உணரவே உணராது. சிவப்பு அதில் கறுப்பாகத்தான் விழும். பாட்டியை எடுத்தது எந்தச் சுருளோ, பச்சையும் சிவப்பும் அதில் ஒன்றாகிவிட்டன.

இரண்டு படங்களையும் அண்ணனுக்கு அனுப்பினேன். வெகுநேரம் பதில் இல்லை. பிறகு குரல்பதிவு வந்தது: "நான் எடுத்த கல்யாணப் படத்துல எத்தன கரைய இப்படித் தொலைச்சேனோ தெரியலயே, தங்கச்சி."

சேலையை வாங்கிக்கொண்டேன். எண்பத்தைந்து வெள்ளி சொல்லி, எழுபத்தைந்துக்குக் கொடுத்தார்கள். திரும்பும் வழியில் பாடாங் ஜாவாவில் இறங்கினேன். பாட்டி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சேலையைக் கொடுக்காமல், முதலில் கைப்பேசியைக் காட்டினேன். விரலால் தள்ளினால் வண்ணம், மறுபடி தள்ளினால் சாம்பல். பாட்டி தானே விரலை வைத்து நாலைந்து தடவை தள்ளிப் பார்த்தார். மாமாவைக் கூப்பிட்டார். அவரிடமும் தள்ளிக் காட்டினார். மாமா ஒன்றும் சொல்லாமல் சுவரில் இருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, வெளிச்சத்தில் வைத்து, சேலையின் ஓரத்தைத் தேடினார்.

"அவளுக்கும் இத அனுப்பு" என்றார் பாட்டி. யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அனுப்பிவிட்டுச் சேலையை எடுத்து மடியில் வைத்தேன். கரையை விரலால் அளந்து பார்த்தார்.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா அது இன்னும் ரெண்டு வெரக்கடை அகலம்."