பஞ்சில் நனைத்த பால்

ஒரு டம்ளர் பால், ஒரு கரண்டி, கட்டிலைச் சுற்றிப் பதினைந்து பேர். பெரியவருக்குக் காலையிலிருந்து நினைவில்லை. "மூத்தவன் முதல்ல ஊத்துப்பா" என்று யாரோ சொல்ல, மகன் கரண்டியை எடுத்தார். கை நடுங்கியது. நான் வேண்டாமென்று சொல்லவில்லை. பையிலிருந்து பஞ்சை எடுத்து உருட்டிப் பாலில் நனைத்து, சொட்டாதபடி பிழிந்து அவர் கையில் கொடுத்தேன். "உதட்டுல ஒத்தி எடுங்கண்ணே. உள்ள ஊத்துனா புரையேறிடும். இதுவும் பால் ஊத்துறதுதான்." அவர் ஒத்தினார். அவருக்குப் பின்னால் மகள், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாக வந்தார்கள். வெடித்திருந்த உதடு நனைந்து பளபளத்தது.

விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றும் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஊற்றாதீர்கள் என்று தடுத்தாலோ, கடைசிப் பாலுக்குக்கூட விடவில்லையே என்ற குறை அந்த வீட்டை விட்டுப் போகாது. இரண்டுக்கும் நடுவே ஒரு பஞ்சுருண்டைக்கு இடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் ஆஸ்பத்திரி வார்டில் நைட் டியூட்டி. ஒரு நோயாளிக்குத் தொண்டையில் கொறகொறவென்று சத்தம். பக்கத்தில் இருந்த மகளை வெளியே நிற்கச் சொல்லி, திரையை இழுத்துவிட்டு சக்‌ஷன் போட்டேன். நாலு நிமிஷ வேலை. அதற்குள் மூச்சு நின்றுவிட்டது. திரையை விலக்கியபோது அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான்: "நான் அப்பா கையைப் பிடிச்சிட்டு இருந்திருப்பேனே சிஸ்டர்?" சார்ட்டில் நேரத்தோடு எல்லாவற்றையும் எழுதினேன். அவள் கேட்டதை எழுத அதில் கட்டம் இல்லை.

எச்சிலை விழுங்கவோ இருமித் துப்பவோ தெம்பில்லாமல் அது தொண்டையில் தேங்கும்போது வருவதுதான் அந்தக் கொறகொறச் சத்தம். மயக்கத்தில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் நெஞ்சைப் பிசையும். ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்தாலே பல நேரம் குறைந்துவிடும். இப்போதெல்லாம் அதை நான் தனியாகச் செய்வதில்லை. "நீங்க தோளைப் பிடிங்கம்மா, நான் இடுப்பைப் பிடிக்கிறேன்" என்பேன். திருப்பிப் படுக்க வைத்த பிறகும் அந்தக் கை தோளிலேயே இருக்கும். எடுக்கச் சொல்ல மாட்டேன்.

இறுதிக்கால நோயாளிகளுக்காக லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பைஸைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ், முதலில் நர்ஸாக இருந்தவர். உடம்பு நோவு, மனசு, குடும்பக் கவலை, 'எனக்கு ஏன் இப்படி' என்ற கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் வலி என்று சொன்னவர் அவர். கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி தணிப்பு வேலை, பிறகு கேரளம் முழுக்க அக்கம்பக்கத்து ஆட்களே நோயாளி வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற பழக்கமாகப் பரவியது. தமிழ்நாட்டில் 2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இந்தச் சிகிச்சை வீட்டு வாசலுக்கு வருகிறது. அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனதும் நான் தேடுவது, யார் கையில் எந்த வேலையைக் கொடுக்கலாம் என்பதைத்தான்.

முதல் வேலை வலி. அது அடங்காமல் மற்ற எதையும் பேச முடியாது. மார்பின் என்றதும், "அது போதை மருந்தாச்சே, பழகிடாதா?" என்பார்கள். 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் இந்த மாத்திரை ஆஸ்பத்திரிகளுக்கே அரிதாகிப்போய், 2014 திருத்தத்துக்குப் பிறகுதான் வழி கொஞ்சம் விட்டது. அந்தப் பயம் வீடுகளில் இன்னும் மிச்சமிருக்கிறது. நான் வாதாடுவதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டுக் கொடுப்பேன். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. டாக்டர் எழுதியிருந்தால் இரவு வேளைக்கு இரண்டு மடங்கு. நடு இரவில் எழுப்ப வேண்டியதில்லை. கூடவே மலமிளக்கி, அதை மறந்தால் வலி போன இடத்தில் மலச்சிக்கல் உட்கார்ந்துகொள்ளும். வலி வந்த பிறகு கொடுக்காமல், வருவதற்கு முன்பே மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் டிக் போட வேண்டும். இந்த நோட்டை, வீட்டில் யார் எதுவும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாரோ அவரிடம் கொடுப்பேன்.

அடுத்தது சோறு. "ஒரு வாய் கஞ்சிகூட இறங்கல, பட்டினி போட்டுக் கொல்றோமோ" என்று அழாத மனைவியை நான் பார்த்ததில்லை. உடம்பு மூட்டை கட்டத் தொடங்கினால் பசியும் தாகமும் தானாக விலகும். திணித்தால் வாந்தியும் புரையும்தான். அதைச் சொல்லிவிட்டு, மனைவியின் கையைச் சும்மா விடக்கூடாது. மெல்லிய துணியை நனைத்து நாக்கையும் ஈறையும் துடைக்கக் காட்டுவேன். மணிக்கொரு தடவை. உதட்டுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். ஐம்பது வருடம் சோறு போட்ட கைக்கு அது போதாதுதான். ஆனாலும் செய்வார்கள்.

பேச்சுதான் கஷ்டம். "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் சிஸ்டர்" என்று வாசலிலேயே நிறுத்தி மகன் சொல்வார். உள்ளே போனால், "எனக்குத் தெரியும்னு பையன்கிட்ட சொல்லிடாதம்மா, தாங்க மாட்டான்" என்பார் அப்பா. இருவருக்கும் நடுவில் நின்று நான் எதையும் உடைப்பதில்லை. "அப்பா உங்ககிட்ட ஏதோ பேசணும்னு நினைக்கிறார்" என்று மகனை உள்ளே அனுப்பிவிட்டு, டிரஸ்ஸிங் சாமானைக் கழுவுகிற சாக்கில் கிணற்றடிக்குப் போய்விடுவேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

பால் ஒத்தினாரே, அந்த மூத்த மகன் வீட்டுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து போனேன். மிச்ச மார்பின் மாத்திரைகளை எண்ணித் திரும்ப வாங்க வேண்டும். அது விதி. காபி கொடுத்தார்கள். மாத்திரைகளை அவர் டப்பாவோடு கொண்டுவந்து வைத்தார். கணக்கு சரியாக இருந்தது. நோட்டையும் கேட்டேன், அடுத்த வீட்டுக்கு மாதிரி காட்டலாமே என்று. அதன் எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது, கடைசி நாள் காலை 6 மணி வரை.

"மாத்திரைய எடுத்துட்டுப் போங்க சிஸ்டர்," என்றார். "நோட்டு இங்க இருக்கட்டும்."